பந்தடித் தெரு வீட்டில் ஒரு கனத்த சுவர்: மதுரை மகால் பகுதி உருவான விதம்

கேள்வி இதுதான்: பந்தடித் தெருவில் தாத்தா காலத்து வீடு. பின்கட்டில் ஒரு சுவர் மட்டும் மற்ற சுவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கனம். "அது நாயக்கர் அரண்மனைச் சுவர்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இதை நம்பலாமா? கூடவே இன்னொன்று: மாசி வீதியும் ஆவணி மூல வீதியும் நேராக, அகலமாக இருக்க, மகாலை, அதாவது திருமலை நாயக்கர் அரண்மனையைச் சுற்றி மட்டும் ஏன் இத்தனை சந்தும் முடுக்கும்?

நம்பலாம். குறைந்தபட்சம், சிரித்துத் தள்ளிவிட வேண்டிய பேச்சு இல்லை. இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அரண்மனையைச் சுற்றிக் குடியிருப்பு வளர்ந்தது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மகால் பகுதியின் பெரும்பங்கு அரண்மனை வளாகத்துக்கு உள்ளேயே எழுந்தது. இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மகால், பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான் என்பது பொதுவான மதிப்பீடு. மிச்ச முக்கால் பங்கு நின்ற நிலத்தில்தான் பந்தடித் தெருக்களும் மகால் தெருக்களும் பத்துத்தூண் சந்தும் இருக்கின்றன.

முதலில் தெருக்களை எடுத்துக்கொள்வோம். மதுரையின் உள்நகரம் கோவிலை நடுவில் வைத்து அமைந்தது. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாகச் சதுரங்கள். சுவாமி புறப்பாடும் தேரும் வருகிற வீதிகள் என்பதால் அகலத்தில் யாரும் சுலபமாகக் கை வைக்க முடியாது. ஆக்கிரமித்தால் அடுத்த திருவிழாவிலேயே தெரிந்துவிடும். இந்த அமைப்பையும் சுற்றிக் கோட்டையையும் விசுவநாத நாயக்கர் (1529–1564) காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். திருமலை நாயக்கர் (1623–1659) 1636இல் கட்டி முடித்த அரண்மனையோ இந்தக் கணக்குக்கு வெளியே, தென்கிழக்குப் பக்கத்தில் தனி வளாகமாக நின்றது. அதற்குள் தேர் வராது, சந்தை கூடாது, பொதுஜனம் நடமாடாது. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே முற்றங்களும் நடைகளும்தான் இருந்திருக்கும். பின்னால் ஜனங்கள் குடியேறியபோது அந்த நடைகளும், இடிந்த சுவர்களுக்கு இடையே கிடைத்த வழிகளும் தெருவாகிவிட்டன. யாரும் நூல் பிடித்துத் தெரு போடவில்லை. முட்டுச்சந்து வந்தால் அங்கே ஒரு காலத்தில் சுவர் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்து பாருங்கள், அந்தப் பகுதி வேறு மாதிரி தெரியும்.

பந்தடித் தெருக்கள் மட்டும் இதில் கொஞ்சம் விலக்கு. எண் போட்ட தெருக்கள் என்பதே, ஒரு திறந்தவெளியை மொத்தமாக மனை மனையாகப் பிரித்ததன் அடையாளம் என்று நினைக்கிறேன். அரண்மனைக்காரர்கள் பந்து விளையாடிய மைதானம் என்று சொல்லப்படுவதும் அதற்குப் பொருந்துகிறது. பக்கத்தில் நவபத்கானா தெரு, அரண்மனை மேளவாத்தியங்கள் முழங்கிய இடம். பத்துத்தூண் சந்தில் பத்துக் கல்தூண்கள் மேலே எந்தக் கூரையும் இல்லாமல், ரெடிமேடு கடைகளுக்கும் வேட்டிக் கடைகளுக்கும் நடுவே இன்னமும் நிற்கின்றன. யானை கட்டிய தூண்கள் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அது திருமலை நாயக்கரின் தம்பி முத்தியாலு நாயக்கர் இருந்த ரங்க விலாசத்தின் மிச்சம் என்பதுதான் வரலாறு எழுதியவர்கள் சொல்வது. தூண்களின் உயரத்தையும், இப்போதைய மகாலிலிருந்து அது இருக்கிற தூரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது உறைக்கும்.

சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்ற இரண்டு பெரும் பகுதிகள் போக நாடகசாலை, ஆயுதசாலை, பூசை மண்டபம், வசந்தவாவி, மலர்வனம், உறவினர் குடியிருப்பு என்று ஒரு பட்டியல் உண்டு. நாம் இன்று பார்ப்பது சொர்க்க விலாசமும் அதையொட்டிய நாடகசாலையும். அங்கே நாயக்கர் காலக் கோவில்களில் பார்க்கிற யாளியும் சிற்பத் தூணும் குறைவு. பருத்த உருளைத் தூண்கள், இதழ் இதழாக மடிந்த வளைவுகள், மேலே குவிமாடங்கள். பீஜப்பூர், கோல்கொண்டா சுல்தான்களின் கட்டட முறை விஜயநகரம் வழியாகத் தெற்கே வந்த பாதையில் இது கடைசிப் பெரிய நிறுத்தம். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஒருவர் வடிவமைத்தார் என்று வழிகாட்டிகள் சொல்கிற கதையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஹம்பியில் தாமரை மகாலைப் பார்த்தவர்களுக்கு இத்தாலி வரை போகத் தேவை இருக்காது.

உங்கள் சுவருக்கு முக்கியமான விஷயம் கட்டுமானப் பொருள். அரண்மனையின் பெரும்பகுதி செங்கலும் சுண்ணாம்பும். அதற்கு மேலே சுதை, அதற்கும் மேலே மெருகுச் சாந்து. மெருகுக்கு முட்டை வெள்ளைக் கரு சேர்த்தார்கள் என்பது கேள்விப்பட்டிருப்பீர்கள். தடவிப் பார்த்தால் பளிங்கு மாதிரி வழுவழுப்பாக இருப்பது அந்தப் பூச்சினால்தான். செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆயிற்று, அங்கே தோண்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்பது மதுரையில் குழந்தைக்கும் தெரிந்த கதை.

அரண்மனையைப் பிரித்தது வெளியிலிருந்து வந்த எதிரி இல்லை. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் (1659–1682) தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார். அங்கே அரண்மனை கட்ட இங்கிருந்து பொருள்களைப் பெயர்த்துக்கொண்டு போனார் என்பதே எல்லாரும் சொல்லும் செய்தி. இதில் நான் யோசித்த ஒன்று உண்டு. பெயர்த்துக் கொண்டுபோகத் தகுந்தவை மரவேலைப்பாடு, கல்தூண், கதவு, உத்தரம். சுண்ணாம்பில் இறுகிப்போன கனத்த செங்கல் சுவரை இடித்தால் முழுச் செங்கல் கிடைப்பதே அபூர்வம், கிடைப்பதெல்லாம் சல்லி. அதை வண்டியில் ஏற்றித் திருச்சி வரை கொண்டுபோக யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆகவே கூரையும் கதவும் போன பிறகும் சுவர்கள் நின்றிருக்கும். பின்னால் வந்தவருக்கு அது பெரிய வசதி. ஒரு பக்கச் சுவர் தயாராக இருக்கிறது, மூன்று பக்கம் கட்டினால் வீடு. உங்கள் பின்கட்டுச் சுவருக்கும் இதுவே கதையாக இருக்கலாம்.

அப்படிக் குடியேறியவர்கள் யார்? எல்லாச் சாதியும் உண்டு, ஆனால் இந்தப் பகுதிக்கு முகம் கொடுத்தவர்கள் சௌராஷ்டிரர்கள், ஊர் வழக்கில் பட்டுநூல்காரர். திருமலை நாயக்கரே அரண்மனைக்குப் பட்டு நெய்ய இவர்களை வரவழைத்து அருகில் குடிவைத்தார் என்பது அவர்களுடைய மரபு. ராணி மங்கம்மாள் காலத்தில், பிராமணர்களைப் போல ஆவணி அவிட்டம் (பூணூல் மாற்றும் சடங்கு) செய்ததற்காக இவர்களில் பதினெட்டுப் பேர் கைதானதும், ராணி சாஸ்திரம் அறிந்தவர்களைக் கூட்டி விசாரித்து, அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று ஓலையில் தீர்ப்பு எழுதிக் கொடுத்ததும் பதிவாகியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை வெறும் சடங்கு விவகாரமாகப் பார்ப்பது தவறு. தறியில் உட்கார்ந்து பிழைக்கிற ஒரு கூட்டம், சாதி அடுக்கில் தன் இடத்தை அரசாங்க ஓலையில் வாங்கி வைத்துக்கொண்டது. பின்னால் 1895இல் சௌராஷ்டிர சபை அமைந்து, பள்ளி, கோவில் நிர்வாகம் என்று விரிந்ததற்கு அடித்தளம் இந்தப் பழக்கம்தான்: தங்கள் காரியத்தைத் தாங்களே கூடிப் பேசி, எழுத்தில் வைத்துக்கொள்வது.

இந்தத் தெருக்களின் அளவைத் தீர்மானித்ததும் நெசவுதான். பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு நூல், போட அகலம் வேண்டாம், நீளம் வேண்டும். விடிகாலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருவில் பாவை நீட்டி, மூங்கில் கவைகளில் நிறுத்தி, இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைப் பூசி, இரண்டு பக்கமும் ஆள் நின்று தூரிகையால் நீவிக்கொண்டே போவார்கள். இழை ஒட்டிக்கொள்ளக் கூடாது, அறுந்தால் அங்கேயே முடிய வேண்டும், வெயில் உறைப்பதற்குள் முடித்துச் சுருட்ட வேண்டும். வீட்டில் தறி இருந்தாலும் தெரு இல்லாமல் தொழில் இல்லை. தெருவைக் கூடமாகப் பயன்படுத்துகிற ஜனத்துக்கு அது வண்டிப்பாதையாக இருக்க வேண்டிய அவசியமே கிடையாது. இன்று டாடா ஏஸ் நுழைய முடியாமல் பின்னால் போகும்போது டிரைவர் திட்டுவது அந்தப் பாவு போட்ட தெருவைத்தான்.

வீடும் அதே கணக்கில். முகப்பு குறுகல், உள்ளே நீளம். சின்னத் திண்ணை, அடுத்து தறிக்கூடம், தரையில் குழி வெட்டி இறக்கிய குழித்தறி. அதற்குப் பின்னால் வானம் பார்த்த முற்றம், அடுக்களை, கிணறு. முன்னறையில் தறி, பெண்கள் உட்கார்ந்து ராட்டையில் தார் (குறுக்கு நூல் சுற்றிய குழல்) சுற்றுவது முற்றத்தில். வெளிச்சம் இந்த வீடுகளுக்கு அலங்காரம் இல்லை, கூலி. இழை தெரியாமல் நெய்தால் சேலை திரும்பி வரும். அதனால்தான் பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாத இந்த ஒட்டு வீடுகளில் கூரையில் கண்ணாடி ஓடுகளும் நடுவில் முற்றமும் தவறாமல் இருந்தன. முற்றத்துக்குத் தளம் போட்டு மூடிய வீடுகளில் இன்று பகலிலும் டியூப்லைட் எரிகிறது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே பணம் புழங்கியது, சாயத்தால். அதுவரை சிவப்புக்குச் சாயவேர்தான். ஜெர்மனியிலிருந்து அலிசரின் என்ற செயற்கைச் சிவப்புச் சாயம் வந்ததும் மதுரைச் சௌராஷ்டிர வியாபாரிகள் அதை முந்திப் பிடித்துக்கொண்டார்கள். வைகைத் தண்ணீருக்குச் சாயம் நன்றாகப் பிடிக்கும் என்ற பேர் வேறு. அந்தத் தலைமுறை கட்டிய வீடுகளைத் தனியாகவே அடையாளம் கண்டுவிடலாம்: மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தளம்), பர்மாத் தேக்கு உத்தரம், மாடியில் வார்ப்பிரும்புக் கிராதி, கைப்பிடிச் சுவரில் சுதையில் மயிலோ கிருஷ்ணனோ, நடுவில் வீட்டுக்காரர் முதலெழுத்தும் கட்டிய வருஷமும். வருஷம் போட்டிருப்பது நமக்கு எவ்வளவு உபகாரம்! மேலே நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நடந்தால் போதும், தெருவில் எந்தத் தலைமுறையில் காசு இருந்தது என்று தெரிந்துவிடும். மாடி நடுவிலேயே நின்றுபோன வீடுகளும் உண்டு.

சுங்குடியும் இதே தெருக்களின் சரக்கு. வெள்ளைத் துணியைப் பெண்கள் விரல் நகத்தால் துளி துளியாகக் கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கிக் காய வைத்த பிறகு இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து விழும், நூல் இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. நடுவில் சாயம் இறங்காத புள்ளி என்பதால் ஒன்றைப்போல ஒன்று இருக்காது. 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் விளக்குத்தூண் பக்கம் சுங்குடி என்று விற்பதில் பெரும்பாலானவை அச்சுப் போட்டவை. துணியைத் தடவிப் பாருங்கள், கட்டிய சுங்குடியில் புள்ளி சற்றுப் புடைத்திருக்கும்.

சத்தமும் சங்கீதமும் இந்தத் தெருக்களுக்குப் பழக்கம்தான். நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) மதுரையில் பிறந்து, சௌராஷ்டிர மொழியிலும் தமிழிலும் கீர்த்தனை பாடியவர். டி.எம். சௌந்தரராஜன் மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை. 1939 மீனாட்சியம்மன் கோவில் நுழைவில் முன்னின்ற என்.எம்.ஆர். சுப்பராமனும் இந்தச் சமூகத்தவரே. ஓலை வாங்கித் தன் சடங்குரிமையைக் காத்துக்கொண்ட சமூகத்தில் இருந்து, மற்றவர்களுக்காகக் கோவில் கதவைத் திறக்க ஒருவர் நின்றார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. காந்தி 1921 செப்டம்பர் 22இல் மதுரையில் அரை வேட்டிக்கு மாறினாரே, அந்தக் கோலத்தில் முதலில் ஜனங்கள் முன் வந்ததாகச் சொல்லப்படும் காந்தி பொட்டலும் இங்கிருந்து நடக்கிற தூரத்தில் காமராசர் சாலையில்தான் இருக்கிறது. மில் நூலும் ஜெர்மன் சாயமும் வைத்துப் பிழைத்த தெருக்களுக்குக் கதர் சுலபமான விஷயமாக இருந்திருக்காது.

அரண்மனைக்குத் திரும்புவோம். நாயக்கர்களுக்குப் பிறகு நவாபு, யூசுப்கான், கம்பெனி என்று கைமாறிய காலத்தில் மகாலைப் பராமரிக்க யாருக்கும் மனமில்லை, பட்டாளம் தங்கத்தான் உதவியது. 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். இடித்துத் தூர்க்கிறவர்களுக்கே அந்த மனை என்ற ஏற்பாட்டில் வேலை நடந்ததாகச் சொல்வார்கள். வெளிவீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்போது வந்தவை. அதற்கு நன்றியாக அவர் பெயரில் நட்ட விளக்குக் கம்பம்தான் விளக்குத்தூண். இப்போது அங்கே நின்று யாரைக் கேட்டாலும் ஜிகர்தண்டா கடைக்குத்தான் வழி சொல்வார்கள். எனக்குப் படுவது, மகால் பகுதி நெரிசலுக்கு மதில் போனதும் ஒரு காரணம். மதில் இருந்தவரை கோட்டைக்குள் ஒரு மூலை. மதில் போனதும் கீழவாசல் பக்கம் வியாபாரப் பாதையாகி மனை விலை ஏறியது.

மகால் முழுதாகக் காணாமல் போகாததற்குக் காரணம் நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்தவர், பணம் ஒதுக்கிச் செப்பனிட வைத்தார். கட்டடக் கலைஞர் சிஷோம் அந்தப் பணியில் ஈடுபட்டார். பிறகு 1970 வரை மாவட்ட நீதிமன்றம் அங்கேதான் நடந்தது. வக்கீல், குமாஸ்தா, பத்திரம் எழுதுகிறவர், சாட்சிக்கு வந்த கிராமத்து ஜனம் என்று ஒரு நூற்றாண்டு காலம் காபிக்கடையும் விடுதியும் பிழைத்தன. கோர்ட் போனதும் அந்தக் கூட்டமும் போயிற்று. 1971 முதல் மகால் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

தறி போனது அதைவிட மெதுவாக. விசைத்தறி வந்தது, நூல் விலை ஏறியது, பிள்ளைகள் படித்தார்கள். நெசவாளர்களில் பலர் நிலையூர் கைத்தறி நகர், அவனியாபுரம், அனுப்பானடி என்று வெளியே நகர்ந்தார்கள். விட்டுப்போன வீடுகள் இரண்டு வழியில் போயின. ஒன்று ஜவுளி குடோன். இன்னொன்று காம்பவுண்டு: நீளமான வீட்டைக் குறுக்கே தடுத்து நாலைந்து குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டு, பொதுவாக ஒரு குழாய், ஒரு கக்கூஸ். நெசவுக்காகக் கட்டின நீளம் வாடகைக்கும் தோதாகிவிட்டது.

இனி உங்கள் சுவர். கனமாக இருப்பது மட்டும் சான்றாகாது, தேக்கு மாடி தாங்கப் பின்னால் கனமாகக் கட்டியவர்களும் உண்டு. பழைய செங்கல் தட்டையாக, இன்றைய செங்கலைவிட மெல்லியதாக இருக்கும், நடுவில் சுண்ணாம்புச் சாந்து தாராளமாக இருக்கும். அதையும் தனியாக நம்ப முடியாது, இடிந்த அரண்மனைச் செங்கலை எடுத்துப் புது வீடு கட்டாதவர் யார்? நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் பின்கட்டிலும் அதே கனத்தில், அதே நேர்கோட்டில் சுவர் ஓடுகிறதா என்று பாருங்கள். நாலைந்து மனைகளைத் தாண்டி ஒரே கோட்டில் ஓடினால் அது எந்தத் தனிமனிதரும் கட்டியதாக இருக்க முடியாது. பந்தடி மைதானத்தின் எல்லைச் சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். குறுக்குச் சுவர்கள் அதில் கடிப்பு (செங்கலோடு செங்கல் கோத்த பிணைப்பு) இல்லாமல் வெறுமே ஒட்டி நின்றால் இன்னும் உறுதி, பெரிய சுவர் முதலில், வீடு பிறகு என்று அர்த்தம்.

அதில் சிமெண்ட் மட்டும் பூசிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும், உள்ளே செங்கல் பொடியும், பத்து வருஷத்தில் பூச்சு பாளம் பாளமாக விழும். பூச வேண்டும் என்றால் சுண்ணாம்புச் சாந்துதான். கடுக்காய்த் தண்ணீர் கலந்து பூசத் தெரிந்த கொத்தனார் இன்னும் கிடைக்கிறார், செட்டிநாட்டுப் பக்கம் வேலை செய்தவர்களாகப் பார்த்து விசாரியுங்கள். இடித்துக் கட்டுகிற யோசனை இருந்தால் அதற்கு முன்னால் தொல்லியல் துறையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்கு அருகில் என்பதால் அனுமதி விஷயம் உண்டு, மீனாட்சியம்மன் கோவிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உங்கள் மனை வந்தால் 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடும் சேரும். சுற்றிலும் ஐந்து மாடி நிற்கிறதே என்று பார்த்துக் கட்டியவர்களில் சிலர் இன்று கோர்ட்டுக்கு அலைகிறார்கள்.